பிஎம்டிடி-யோடு வேலைக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மனம் தலைகீழாகிப்போகிற பெண்கள் டாக்டரிடம் கேட்கும் கேள்விகள் ஒரு வகை. ஆபீஸில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்விகள் இன்னொரு வகை. இங்கே இரண்டாவது வகைதான் அதிகம். விடுப்புக் கணக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. மருந்தின் அளவுகள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காகத்தான்; மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்குவதற்காக அல்ல.

பீரியட்ஸுக்கு முன்னாடி எல்லாருக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும்? இதுக்கு எதுக்குத் தனியா ஒரு நோய்ப் பேரு?

வரும். மார்பு கனக்கும், வயிறு உப்பும், கொஞ்சம் சிடுசிடுப்பும் இருக்கும். அதோடு சமையலும் நடக்கும், ஆபீஸும் நடக்கும். பிஎம்டிடி எனப்படும் ப்ரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டரில் நடக்காமல் போவது அந்த அன்றாடம்தான். காரணமில்லாத அழுகை, அடக்க முடியாத கோபம், எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், நெஞ்சைப் பிசையும் பதற்றம் இவற்றில் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். கூடவே கவனச்சிதறல், அசதி, தூக்கக் கோளாறு, அளவுமீறிய பசி, எதிலும் நாட்டமின்மை, எல்லாம் கைமீறிப் போகிற உணர்வு, உடல் உபாதை என்று சேர்த்து மொத்தம் 11 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும். வேலையோ உறவோ அதனால் அடிபட வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதை முழுமையான நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பட்டியலிலும் இதற்குத் தனிக் குறியீடு உண்டு. “இப்படி ஒரு நோயே கிடையாது” என்று ஹெச்ஆர் சொன்னால் இந்த இரண்டு பெயர்களும் போதும்.

எனக்கு இருக்கறது அதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பிளட் டெஸ்ட் இருக்கா?

இல்லை. தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே மாதிரி அசதியும் எரிச்சலும் தருவதால், அவை இல்லையென்று உறுதிசெய்யத்தான் ரத்தப் பரிசோதனை. நோயைக் கண்டுபிடிப்பது ஒரு குறிப்பேடு. அதுவும் அன்றன்றைக்கு எழுதியதாக, குறைந்தது 2 சுழற்சிகளுக்கு இருக்க வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் மோசமான நாள்கள்தான் நினைவில் நிற்கும், நடுவில் நன்றாக இருந்த நாள்கள் விட்டுப்போகும்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து எத்தனையாவது நாள், பிறகு கோபம், சோர்வு, பதற்றம், அழுகை, தூக்கம், கவனம், உடல்வலி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் அன்று வேலையில் என்ன தடங்கல் என்று நாலு சொல்: “மீட்டிங்கில் கத்தினேன்”, “அரை நாள் லீவு”, “பில்லில் தப்பு”. இந்தக் கடைசிக் கட்டத்தை எழுத மறந்துவிடாதீர்கள். பின்னால் டாக்டருக்கும் விடுப்புக்கும் உதவப்போவது அதுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுங்கள். காலையில் எழுதினால் முந்தைய நாளின் சாயல் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மாதம் முடிந்ததும், பீரியட்ஸுக்கு முந்தைய 7 நாள்களையும், பீரியட்ஸின் 4-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரையான 7 நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் 4, 5, 6 என்று இருந்து, இரண்டாவது வாரத்தில் பெரும்பாலும் 1, 2 என்று இறங்கினால் பிஎம்டிடி-யாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்திலும் 4, 5 என்றே இருந்தால் வேறு ஒன்று அடியில் ஓடுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்போ இது என் கற்பனையா?

நார்மலாகத்தான் வரும். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஹார்மோன் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் வரும் அதே ஏற்ற இறக்கத்துக்கு இவர்களுடைய மூளை வேறு மாதிரி எதிர்வினை செய்கிறது. 1998-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சினைப்பையின் வேலையை மருந்தால் நிறுத்தியபோது பலருக்கு அறிகுறிகள் அடங்கின. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோன்களை எல்லோருக்கும் ஒரே அளவில் திரும்பக் கொடுத்தபோது, இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் அறிகுறிகள் திரும்பி வந்தன. மற்றப் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்ரோன் கூடும். அது உடைந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் சாதாரணமாக மூளையை அமைதிப்படுத்தும். சிலருக்கு அது எதிர்மறையாக வேலை செய்கிறது என்பதே இப்போது வலுவாக உள்ள விளக்கம். மனநிலையைச் சீராக வைக்கும் மூளை ரசாயனமான செரடோனினின் செயல்பாடும் இதில் கலந்திருக்கிறது. ஆகவே ஹார்மோன் அளவு ரிப்போர்ட்டுக்காகத் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டாம்.

லேடி டாக்டர்கிட்ட போகணுமா, சைக்கியாட்ரிஸ்ட்கிட்டயா?

யாரிடம் வேண்டுமானாலும் தொடங்கலாம். கருத்தடை மாத்திரை வழியாக வைத்தியம் என்றால் மகளிர் மருத்துவர். செரடோனின் மருந்து என்றால் மனநல மருத்துவர் என்று பொதுவாகப் பிரியும். யாரிடம் போனாலும் நோட்டைக் கொண்டு போங்கள். நோட்டு இல்லாமல் போனால் “கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “குழந்தை பொறந்தா சரியாயிடும்” என்ற பதிலோடு திரும்பி வரும் அபாயம் அதிகம். இரண்டுமே உண்மை இல்லை. கர்ப்பகாலத்தில் சுழற்சி நிற்பதால் அறிகுறியும் நிற்கும், பிறகு சுழற்சியோடு திரும்பும்.

செலவு தடையாக இருந்தால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே முதலில் பேசிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), தேதியே நிக்காது. எப்படி முன்கூட்டியே கணக்குப் போடறது?

தேதி தள்ளிப்போவது பெரும்பாலும் சுழற்சியின் முதல் பாதியில்தான். கருமுட்டை வெளியான பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய 14 நாள் என்பது பலருக்கு அதிகம் மாறாது. எனவே பீரியட்ஸை வைத்து எண்ணாமல் கருமுட்டை வெளியாவதை வைத்து எண்ணுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் ஒரு வழி. பிசிஓடி உள்ள சிலருக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அவர்கள் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் உடல் வெப்பம் பாருங்கள். சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் ஏறி மூன்று நாள் அப்படியே நின்றால் பின்பாதி தொடங்கிவிட்டது என்று பொருள்.

சரி, தேதி தெரிஞ்சுருச்சு. வேலையை எப்படிப் பிரிக்கறது?

இந்த நோயில் ஒரே ஒரு சலுகை உண்டு: எப்போது வரும் என்று முன்பே சொல்லிவிடலாம். ஒற்றைத் தலைவலிக்குக்கூட அது கிடையாது. ஆனால் ஆபீஸ் காலண்டரில் அதை ஏற்றாவிட்டால் அந்தச் சலுகையால் பயனில்லை.

பீரியட்ஸ் 24-ஆம் தேதி எதிர்பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 17 முதல் 25 வரை காலண்டரில் மஞ்சள், அதாவது கவனமாக இருக்க வேண்டிய நாள்கள். அதற்குள் நோட்டில் 5, 6 விழும் நாள்கள் சிவப்பு. பலருக்கு அது கடைசி 3, 4 நாள், அதாவது 21 முதல் 24 வரை. பீரியட்ஸ் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் சட்டென்று மேகம் விலகும். 28 முதல் அடுத்த 10 நாள் பச்சை. போனில் இதை “மருத்துவர்” என்றோ “ஈபி பில்” என்றோ எந்தப் பெயரிலும் குறித்துக்கொள்ளலாம். எல்லோரும் பார்க்கும் டீம் காலண்டரில் வேண்டாம்.

சிவப்பில் வரக்கூடாதவை: அப்ரைசல் பேச்சு, சம்பளப் பேரம், புது கிளையன்ட் அறிமுகம், ஒருவரைக் கண்டிக்க வேண்டிய பேச்சு, தூக்கம் கெடும் இரவுப் பயணம். சிவப்புக்கு ஏற்றவை: பழகிய, படிப்படியான, தனியாக உட்கார்ந்து முடிக்கும் வேலைகள். ஃபைல் ஒழுங்கு, டேட்டா சரிபார்ப்பு, டாக்குமென்ட் எழுதுதல். ஆனால் சரிபார்ப்பு வேலையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை உண்டு. கவனம் சிதறும் நாளில் எண் மாறிப்போகும். பணம், மருந்து, இயந்திரம் சம்பந்தப்பட்டது எதையும் இரண்டாவது ஆள் பார்க்காமல் அனுப்பக் கூடாது. செவிலியராக இருந்தால் இன்சுலின், ஹெப்பாரின் போன்றவற்றின் அளவை இன்னொரு செவிலியரிடம் உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பது எப்படியும் நல்ல வழக்கம். சிவப்பு நாள்களில் அதைத் தவறவே விடாதீர்கள்.

எல்லாத் தேதியும் உங்கள் கையில் இருக்காது. மாதக் கடைசி கணக்கு முடிப்பு சிவப்பில்தான் விழும் என்றால், பச்சையிலேயே அதில் முக்கால்வாசியை முடித்துவைப்பதுதான் வழி. பலர் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது. பச்சை வாரத்தில், போன வார வேலையைச் சரிக்கட்ட ராத்திரி பகலாக உழைத்து, தூக்கம் கெட்டு, அடுத்த சிவப்புக்குள் களைத்துப்போய் நுழைகிறார்கள்.

ஒவ்வொரு மாசமும் அந்த வாரத்துல ரிசைன் பண்ணிடலாம்னு தோணுது. ஒரு தடவை அனுப்பியும் விட்டேன். என்ன பண்றது?

இது அடிக்கடி வரும் கேள்வி, தனி மனிதரின் அவசர புத்தி என்று ஒதுக்க முடியாத அளவுக்கு. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ராஜினாமா, டீம் மாற்றம், பெரிய கடன், உறவை முறிப்பது எதுவும் பீரியட்ஸின் 5-ஆம் நாளுக்கு முன் இல்லை. கடிதத்தை எழுதலாம். எழுதினால் கொஞ்சம் அடங்கும். மெயிலில் பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள், தவறி அழுத்தினாலும் போகாது. வாட்ஸ்அப்பில் கொட்ட வேண்டியதை உங்கள் எண்ணுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அனுப்பியே ஆக வேண்டிய காரசாரமான பதிலாக இருந்தால், மறுநாள் காலை 10 மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவையுங்கள். அதற்குள் திருத்தவோ நீக்கவோ முடியும்.

அந்த வாரத்தில் தோன்றுவதெல்லாம் பொய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டீம் லீட் உண்மையாகவே உங்கள் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொள்பவராக இருக்கலாம். பச்சை வாரத்தில் நீங்கள் பொறுத்துப்போகிறீர்கள், சிவப்பில் முடியவில்லை. நோட்டின் பின்பக்கம் அந்தக் குறையை ஒரு வரியில் எழுதி, பீரியட்ஸின் 7-ஆம் நாள் திரும்பப் படியுங்கள். அப்போதும் அது நியாயமாகப் பட்டால் பிரச்சினை வேலையில்தான் இருக்கிறது. அன்றைக்கு அமர்ந்து வேறு வேலை தேடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால், நிர்வாகம் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும் முன் “திரும்பப் பெறுகிறேன்” என்று ஹெச்ஆருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழி போதாது. ஏற்றுக்கொண்ட பிறகு பெரும்பாலும் அவர்கள் மனசைப் பொறுத்தது.

மீட்டிங்ல திடீர்னு தொண்டை அடைக்குது, இல்லாட்டி கத்திடுவேன் போல இருக்கு. அந்த நிமிஷம் என்ன செய்ய?

முன்பே மனப்பாடமாக ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “இதைப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்.” எந்தக் கேள்விக்கும் இது பொருந்தும். பிறகு எழுந்து வெளியே போய் 10 நிமிடம். முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள், மாடிப்படி இரண்டு தளம் ஏறி இறங்குங்கள். கடைசியாகச் சாப்பிட்டு 4 மணி நேரம் ஆகியிருந்தால் கையில் சுண்டலோ வாழைப்பழமோ இருக்க வேண்டும். பசியோடு இந்தக் கோபம் சேர்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது.

கத்தியே விட்டால்? அன்றே நீண்ட மன்னிப்பு வேண்டாம். அழுகையில் போய் முடியும். “நான் பேசின விதம் தப்பு, விஷயத்தை அப்புறம் பேசலாம்” என்று ஒரு வரி போதும். விளக்கம் பச்சை வாரத்தில்.

மேனேஜர்கிட்ட சொல்லணுமா? அவர் ஆம்பள, எப்படிச் சொல்ல?

சட்டப்படி கட்டாயம் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாமலேயே தேவையைச் சொல்ல முடியும், பெரும்பாலான இடங்களில் அதுவே புத்திசாலித்தனம். இது மனநோய்ப் பட்டியலிலும் மாதவிலக்குப் பட்டியலிலும் இருப்பதால், பெயரைச் சொன்னால் இரண்டு கூச்சமும் ஒன்றாகக் கிளம்பும். பிறகு நீங்கள் நியாயமாகக் கோபப்பட்டாலும் “அந்த நாள் போல” என்று தள்ளிவிட ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

பச்சை வாரத்தில், தனியாக, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், எனக்கு மாசா மாசம் வந்து போற ஒரு உடம்புப் பிரச்சினை இருக்கு. டாக்டர்கிட்ட வைத்தியம் நடக்குது. மாசத்துல மூணு நாலு நாள் கடுமையா இருக்கும், தேதி எனக்கு முன்னாடியே தெரியும். அந்த நாள்ல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பார்க்கவும், ரிவியூ மீட்டிங்க வேற நாள்ல வைக்கவும் முடியுமா? வேலை எதுவும் தள்ளிப்போகாது.” இரண்டே கோரிக்கை. அதற்கு மேல் கேட்டால் இரண்டும் கிடைக்காமல் போகலாம். பேசி முடித்ததும் “இன்று பேசியபடி” என்று தொடங்கி மூன்று வரி மெயில் போட்டுவிடுங்கள். மேனேஜர் மாறிப்போனால் அதுதான் சாட்சி. நோட்டை மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாம்.

மாதவிடாய் லீவு சட்டம் வந்தா இதுக்கெல்லாம் தீர்வு கிடைச்சிடுமா?

பாதிதான். பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் என்று 1992 முதல் இருக்கிறது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் அரசு, தனியார் இரண்டிலும் மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டி பெங்களூரு கம்பெனிக்குப் போகிறவர்கள் தங்கள் ஹெச்ஆரிடம் இதைக் கேட்க வேண்டும். நாடு முழுக்கப் பொதுவான சட்டம் கேட்டு வந்த மனுவில், இது அரசுகள் முடிவுசெய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்ற கவலையும் அங்கே பேசப்பட்டது.

இந்த விடுப்புகள் எல்லாம் ரத்தப்போக்கையும் வயிற்றுவலியையும் நினைத்து வந்தவை. உங்களுக்கு மோசமான நாள்கள் அதற்கு முன்பே வந்துவிடும். ரத்தம் வரும்போது நீங்கள் தேறத் தொடங்கியிருப்பீர்கள். ஆகவே இப்படி ஒரு கொள்கையை உங்கள் கம்பெனி எழுதும்போது கருத்துக் கேட்டால், “பீரியட்ஸ் நாள்களில்” என்பதை “பீரியட்ஸோடு தொடர்புடைய நாள்களில்” என்று மாற்றச் சொல்லுங்கள். செலவில்லாத திருத்தம்.

இப்போ இருக்கற லீவை வெச்சு எப்படிச் சமாளிக்கறது? இஎஸ்ஐ-ல பணம் வருமா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 12 நாள் வரை ஊதியத்துடன் உண்டு. ஓராண்டு வேலை பார்த்த பிறகு ஊதியத்துடன் கூடிய விடுமுறை இன்னும் 12 நாள். கணக்கில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது: ஆண்டுக்கு மாதம் 12, ஆனால் 28 நாள் சுழற்சி 13 தடவை வரும். தடவைக்கு 2 நாள் என்றால் 26. தற்செயலும் நோயும் சேர்ந்து 24. காய்ச்சலுக்கும் தாய்மாமன் வீட்டு விசேஷத்துக்கும் எதுவும் மிஞ்சாது. அதனால் தடவைக்கு 1 நாள் விடுப்பு, 1 நாள் வீட்டிலிருந்து வேலை என்று பிரிப்பது நல்லது. தொழிற்சாலைகளுக்குச் சட்டம் வேறு. அங்கே நிலையாணையை, அதாவது ஆலையின் வேலை விதிகளைப் பாருங்கள்.

இஎஸ்ஐ-ல் நோய்க்கால உதவித்தொகை ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய தடவை முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால் மட்டும் அந்த விதி தளரும். உங்களுக்கோ இடைவெளி ஏறக்குறைய 25 நாள். ஆக 3 நாள் படுத்தால் 1 நாளுக்குத்தான் தொகை. டிஸ்பென்சரியில் மருந்தும் மனநல மருத்துவரிடம் பரிந்துரையும் வாங்க இஎஸ்ஐ உதவும். விடுப்புப் பணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மெடிக்கல் சர்டிபிகேட்ல என்ன எழுதச் சொல்லணும்? மாசா மாசம் ஒண்ணு வாங்க முடியுமா?

மாதம் ஒன்று வாங்குவது வீண் அலைச்சல், சந்தேகத்தையும் கிளப்பும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரே கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: இன்ன தேதி முதல் என் சிகிச்சையில் இருக்கிறார், சுழற்சியாக வரும் நாள்பட்ட உடல்நிலை, மாதத்தில் சுமார் இத்தனை நாள் வேலைத்திறன் குறையலாம், அந்த நாள்களில் இரவுப் பணியைத் தவிர்ப்பது, வீட்டிலிருந்து வேலை இவற்றைப் பரிந்துரைக்கிறேன், மறுபரிசீலனை 12 மாதத்துக்குப் பிறகு. நோயின் பெயர் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது.

டிப்ரெஷன் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. பழக்கமாயிடாதா? போட்டுட்டு வேலை பார்க்க முடியுமா?

ஃப்ளுஆக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் செரடோனின் மருந்துகள்தான் இதற்கு முதல் வரிசை வைத்தியம். சாதாரண மனச்சோர்வில் வேலை செய்ய 3, 4 வாரம் ஆகும். இதில் சில நாள்களிலேயே பலன் தெரியும். அதனால் தினமும் போடாமல், எதிர்பார்க்கும் பீரியட்ஸுக்கு 14 நாள் முன்பிருந்து பீரியட்ஸ் தொடங்கும் வரை மட்டும் போடும் முறையும் உண்டு. வழக்கமான அளவு ஃப்ளுஆக்ஸெடின் 20 மில்லிகிராம், அல்லது செர்ட்ரலின் 50-ல் தொடங்கித் தேவைக்கேற்ப. இவை போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. ஆனால் தினமும் போடுகிறவர்கள் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வரும். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முதல் வாரம் குமட்டல், தூக்கக் கலக்கம் அல்லது தூக்கமின்மை வரலாம். அதனால் முதல் மாத்திரையை முக்கியமான மீட்டிங் இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். சாப்பாட்டோடு போடுங்கள். தூக்கம் வந்தால் இரவுக்கும், தூக்கம் கெட்டால் காலைக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தலை கனமாக இருக்கும் நாளில் ஸ்கூட்டி எடுக்காதீர்கள். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இரண்டு: முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகம் இருந்ததா, வேறு வலி மாத்திரை போடுகிறீர்களா. இந்த மருந்தோடு ட்ரமடால் ஆபத்து. மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

இன்னொரு வழி, ட்ரோஸ்பைரெனோன் 3 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ரடயால் 20 மைக்ரோகிராமும் உள்ள, 24 நாள் மருந்து 4 நாள் வெற்று மாத்திரை என்ற வகைக் கருத்தடை மாத்திரை. கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் அது கூடாது.

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டுல சரிபண்ண முடியாதா?

லேசான தொல்லைக்கு உதவும், கடுமையான பிஎம்டிடி-க்குத் தனியாகப் போதாது. ஆதாரம் ஓரளவு வலுவாக இருப்பது கால்சியத்துக்கு: உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1,200 மில்லிகிராம், மாதக்கணக்கில். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240. ராகியும் முருங்கைக்கீரையும் சேரட்டும். வைட்டமின் பி6 சிலருக்கு உதவும். அளவுக்கு மீறி நாள்கணக்கில் போட்டால் கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு வரும் என்பதால் நாமாகக் கூட்டக் கூடாது. மஞ்சள் நாள்களில் ஆபீஸ் காபியை மதியத்தோடு நிறுத்துவது தூக்கத்துக்காக. எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசிப் பழக்கி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி-க்கும் பலன் உண்டு. அதற்கான அமர்வுகளைப் பச்சை வாரத்தில் வையுங்கள், பயிற்சியைச் சிவப்பில் செய்யுங்கள்.

கோயிலுக்குப் போக பீரியட்ஸைத் தள்ளிப்போடற மாத்திரை இருக்கே. ஆடிட் வாரத்துக்கு அதைப் போட்டுக்கலாமா?

வேண்டாம். அந்த நாரெத்திஸ்டிரோன் மாத்திரை ரத்தப்போக்கைத்தான் தள்ளிவைக்கும். உங்கள் மூளை எதற்கு முரண்டு பிடிக்கிறதோ அந்தப் புரோஜெஸ்ட்ரோன் குடும்பத்து மருந்து அது. உங்களுக்கு நிம்மதி வருவதே பீரியட்ஸ் தொடங்கிய பிறகு. அதைத் தள்ளினால் சிலருக்கு மோசமான நாள்கள் நீளும், ஆடிட்டும் அதற்குள் விழும்.

நான் ஐடி இல்ல, ஜவுளிக்கடையில நிக்கறேன். வீட்ல இருந்து வேலைங்கறதெல்லாம் எனக்கு ஏது?

உண்மைதான், மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உள்ளவை: கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது, அதனால் உட்காரக் கேட்பது சலுகை அல்ல. வார விடுமுறையைச் சிவப்பு நாளுக்கு மாற்றிக்கொள்ள உடன் வேலை பார்க்கும் அக்காவோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அவருக்குத் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு நாள் நீங்கள் நிற்கலாம். கல்லாவில் இருப்பவர் அந்த இரண்டு நாள் மடிப்பு, இருப்புக் கணக்கு என்று மாறிக்கொள்ளக் கேட்கலாம்.

மில், ஆயத்த ஆடை ஆலைகளில் ஷிப்ட் மாற்றம்தான் பெரிய உதவி. தூக்கம் கெட்டால் இது இரட்டிப்பாகும். சூப்பர்வைசர் கையில் தரும், அட்டையில் பெயர் இல்லாத மாத்திரையை விழுங்காதீர்கள். 2019-ல் தமிழ்நாட்டு ஆலைகளில் அப்படி மாத்திரை தரப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், இந்த மனநிலையைத் தொடாது.

எனக்கு மாசம் பூராவும் டல்லாதான் இருக்கு, அந்த வாரம் மட்டும் ரொம்ப மோசம். இதுவும் அதேதானா?

நோட்டில் இரண்டு வாரமும் 4, 5 என்று வந்தால் வேறு என்று மேலே சொன்னது இதுதான். ஏற்கெனவே உள்ள மனச்சோர்வு, பதற்றம், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு போன்றவை பீரியட்ஸுக்கு முன் அதிகமாகும். அப்போது 14 நாள் மாத்திரை போதாது. அடிப்படை நோய்க்கு முழு மாத வைத்தியம் வேண்டும். வேலைத் திட்டமும் மாறும், ஏனென்றால் உங்களுக்கு உண்மையான பச்சை வாரம் இன்னும் வரவில்லை. வைத்தியத்தால் அதை உண்டாக்கிய பிறகுதான் காலண்டர் பயன்படும்.

ஊனமுற்றோர் சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 21 வகைகளில் இதன் பெயர் இல்லை. மனநோய் என்ற வகை இருக்கிறது. அரசுச் சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்ற சான்று வேண்டும். மாதத்தில் பாதி நாள் நன்றாக இருப்பவருக்கு அந்த அளவு கிடைப்பது அரிது. சான்றிதழுக்கு அலைவதைவிட, அதே சட்டம் நிறுவனங்கள் வைத்திருக்கச் சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையை உங்கள் ஹெச்ஆரிடம் கேட்டு, அதன் கீழ் ஒரு கோரிக்கை வைப்பது விரைவான வழி.

அந்த ரெண்டு நாள் செத்துப்போயிடலாம்னு தோணுது. பீரியட்ஸ் வந்ததும் போயிடுது. அப்போ பயப்பட வேண்டாம்தானே?

போய்விடுகிறது என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. இந்த நோய் உள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிட அதிகம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும், கடைசியில் கதவருகே நின்று சொல்லாதீர்கள். பச்சை வாரத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்: வீட்டில் ஒருவருக்கும் ஆபீஸில் ஒருவருக்கும் சிவப்புத் தேதிகள் தெரிந்திருக்கட்டும்; மாத்திரைகள் மொத்தமாக உங்கள் கையில் இல்லாமல் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்; அந்த இரண்டு இரவு விடுதி அறையில் தனியாக இருக்க வேண்டாம். 14416 இரவிலும் எடுப்பார்கள். எண்ணம் திட்டமாக மாறிவிட்டால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108.

என் டீம்ல ஒரு பொண்ணுக்கு இது இருக்கும்னு நினைக்கிறேன். மேனேஜரா நான் என்ன கேட்கலாம்?

நோயைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், தேதியையும் கணிக்காதீர்கள். “போன ரெண்டு மாசமா கடைசி வாரத்துல கஷ்டப்படற மாதிரி தெரியுது, வேலை நேரத்துல எதையாவது மாத்தினா உதவுமா?” என்பது போதும். மற்றவர்கள் முன்னால் “என்ன, அந்த நாளா?” என்று யார் கேலி செய்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அப்ரைசலில் ஒரு வாரத்தை வைத்து எடை போடாமல் முழுக் காலாண்டைப் பாருங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துட்டா இது மொத்தமா போயிடும்னு சொல்றாங்களே?

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ரத்தப்போக்குதான் நிற்கும். சினைப்பைகள் இருக்கும்வரை ஹார்மோன் ஏற்ற இறக்கம் தொடரும், அறிகுறியும் தொடரும். வேறு காரணத்துக்காக அந்த அறுவை நடந்தவர்களுக்கு இதனால் ஒரு கூடுதல் சங்கடம்: பீரியட்ஸ் என்ற அடையாளமே போய்விடுவதால், “எப்பவாவது இப்படி ஆகுது” என்று நினைத்துக்கொள்கிறார்கள். சினைப்பைகளையும் எடுப்பது எல்லா மருந்தும் தோற்ற பிறகு யோசிக்கும் கடைசிப் படி. அதற்கு முன் லூப்ரோலைடு போன்ற ஊசியால் சில மாதம் சினைப்பையை உறங்கவைத்து, அறிகுறி உண்மையில் போகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகு எலும்புக்காக ஹார்மோன் ஈடும் வேண்டியிருக்கும்.

கர்ப்பப்பை இல்லாதவர்களும் அதே நோட்டை எழுதலாம். முதல் நாள் என்று குறிக்க பீரியட்ஸ் இல்லாததால், பிசிஓடி கேள்வியில் சொன்ன காலை வெப்பத்தைப் பக்கத்தில் ஒரு கட்டமாகச் சேர்த்து மூன்று மாதம் எழுதுங்கள். வெப்பம் ஏறிய நாளிலிருந்து எண்ணினால் மஞ்சளும் சிவப்பும் எங்கே விழுகின்றன என்று தெரிந்துவிடும்.